எழுத்தின் தலையில் ஒரு சின்ன அலை

செல்மீரா முராயாரியை நான் முதலில் பார்த்தபோது அவள் தரையில் இல்லை. எண்பது மீட்டர் இரும்புக் கோபுரத்தின் உச்சியில், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு வட்டத் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆறும் காடும் பனிக்குள் இருந்தன. பனிக்கு மேலே யாரோ ஒரு பெண் பாடுவதுபோல் கேட்டது. படகை ஒதுக்கிவிட்டு அண்ணாந்து நின்றேன். பாட்டு இல்லை. திருகு துருப்பிடித்திருந்ததற்காக அதைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பதினோரு வருடமாக அவளுக்குப் படகோட்டுகிறேன். என் பெயர் லிசார்தோ. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளை 'ஞாஞா' என்போம். பிடித்துப்போனால் கூடப்பிறக்காதவளையும் அப்படியே கூப்பிடுவோம். இரண்டாவது பயணத்திலேயே அவள் எனக்கு ஞாஞா ஆகிவிட்டாள்.

காட்டுக்கு நடுவே உள்ள இக்கித்தோஸ் நகரத்தின் தாழ்ந்த பகுதியில், ஒரு மிதவை வீட்டில் பிறந்தவள் அவள். ஆறு ஏறினால் வீடும் ஏறும். ஆறு வற்றினால் வீடு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்பா ஒரு சின்னப் படகில் உப்பும் சோப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். அம்மா சந்தையில் அவாஹே பழம் உரித்து விற்பவள். இரண்டு பிள்ளைகள். செல்மீராவுக்கு ஐந்து வருடம் இளையவன் ரிஸ்தெர்.

பதினேழு வயதில் ஓர் இண்டர்நெட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார். கம்பி வழியாக என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் அவளுக்கு வந்தது. பிறகு 'நதிக்கரை நலத் திட்டம்' என்று ஓர் அமைப்பு ஆற்றோரத்துச் சுகாதார நிலையங்களுக்கெல்லாம் கோபுரம் நட வந்தது. ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு, காட்டின் தலைக்கு மேலே ரேடியோ அலையில் செய்தி தாவித் தாவி நகரம் வரை போய்ச் சேரும். உயரத்துக்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்றார்கள். வந்த ஆண்களில் மூன்று பேர் பாதி வழியில் இறங்கிவிட்டார்கள். இவள் உச்சிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுவிட்டு வந்தாள்.

அவளிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. மூடியின் ஓரம் உடைந்து கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். அதில் டீஷார்க் என்று ஒரு கருவி. படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், அந்தக் கம்பியில் துண்டு துண்டாக ஓடும் செய்தியின் ஒவ்வொரு துண்டையும், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டையும், ஒரு வரியாக எழுதிக் காட்டும். எத்தனையாவது, எந்த நொடி, எங்கிருந்து, எங்கே, எவ்வளவு நீளம். வரிகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். மற்றவர்கள் மழையைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்ப்பாள். கண் பாதி மூடியிருக்கும். தூங்குகிறாள் என்று நினைத்து நான் பேச்சுக் கொடுத்தால், "உஷ்" என்பாள்.

"என்ன தெரியுது ஞாஞா?"

"ஒண்ணும் தெரியல. எல்லாம் சரியாப் போகுது. சரியாப் போறப்போ பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

இப்படியே எங்கள் வருடங்கள் ஓடின. ஆறு ஏறியது, இறங்கியது. இடையில் அவள் அப்பா இறந்தார். இறந்த மாதமே ரிஸ்தெர் யாரையும் கேட்காமல் அப்பாவின் படகை விற்றுவிட்டான். செல்மீரா சந்தையில் நாலு பேர் முன்னால் அவனைத் திருடன் என்று கத்தினாள். மறுநாள் அவன் ஒரு மரம் வெட்டும் கூட்டத்தோடு போய்விட்டான். எந்த ஆற்றில் ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் ஒரு தகவலும் இல்லை. அதைப் பற்றி அவள் படகில் பேசியதே இல்லை. அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கான்யோ ஞெஹியா விஷயம் நடந்தது அந்த ஆறாவது வருடத்தில்.

கான்யோ ஞெஹியா ஓர் ஓடைக்கரை ஊர். அறுபது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோபுரம், மூங்கில் சுவர் வைத்த ஒரு சுகாதார நிலையம். ஞெஹியா என்பது அங்கே தண்ணீருக்குள் நிற்கும் ஒரு முள் பனை. நிலையத்தை நடத்துபவள் நர்ஸ் அஸ்தேரியா மனிவாரி. ஐம்பத்து நாலு வயது. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, மலேரியாவா இல்லையா, எந்த வகை என்று சொல்லிவிடுவாள். வாராவாரம் காய்ச்சல்காரர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தில் நிரப்பி, திட்டத்தின் நகர அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டியலைப் பார்த்துத்தான் அவர்கள் மாத்திரை அனுப்புவார்கள்.

ஜனவரியில் படிவத்தைப் புதிதாக மாற்றினார்கள். பதினோரு வாரம் கழித்து அலுவலகத்தில் இருந்த டாக்டர் ஒலாசாவல் செல்மீராவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கதவோரம் நின்றேன்.

"கான்யோ ஞெஹியால இருந்து பதினோரு வாரமா ஒரு பட்டியல்கூட வரல. கேட்டா அனுப்பினேன்கிறாங்க. வயசாயிடுச்சு, கம்ப்யூட்டர் புரியலன்னு சொல்லிட்டாப் போச்சு. பொய் எதுக்கு? மாசக் கடைசியில வேற ஆள் போடப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க கோபுரம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. காய்ச்சல் உள்ள ஊர்களுக்குச் சிவப்புப் புள்ளி. கான்யோ ஞெஹியா இருக்கும் இடம் வெள்ளையாக இருந்தது. செல்மீரா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தோன்யா அஸ்தேரியா பொய் சொல்லி நான் கேட்டதில்ல டாக்டர்," என்றாள். தோன்யா என்பது எங்கள் பக்கத்தில் மூத்த பெண்களை மரியாதையாக அழைப்பது.

"நம்ப எனக்கும் ஆசைதான். வந்து சேர்ந்த பட்டியல் ஒண்ணு காட்டுங்க."

இரண்டு நாள் பயணம். அந்த வருடம் தண்ணீர் காட்டுக்குள் ஏறி நின்றது. மரங்களுக்கு நடுவே போனோம். எஞ்சினை மெதுவாக்கினால் இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்தான். எங்கள் ஆட்களுக்குக் காலையில் படகேறுமுன் கண்ட கனவைச் சொல்லும் வழக்கம் உண்டு. அன்று செல்மீரா சொன்னாள்: அவள் ஒரு மிதவை வீட்டில் நிற்கிறாள், வீடு கட்டவிழ்ந்து போகிறது, ஆனால் கரையும் கூடவே வருகிறது. "நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "படகு ஓட்டலாம்," என்றேன்.

ஊர்த் துறையில் யாரும் கையசைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. அதற்கு முன் மிச்சமிருந்ததை அஸ்தேரியா குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். தோணி செதுக்குபவர் ஒருவர், பெரிய ஊர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் படகிலேயே இறந்துவிட்டார். நகரத்தில் விசாரித்து வந்த யாரோ, 'உங்க நர்ஸ் பட்டியலே அனுப்பலையாமே' என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் அவளிடம் பேசுவதில்லை. காய்ச்சல் வந்தால் மட்டும் வந்து விரலை நீட்டுவார்கள்.

நிலையத்துப் படியில் உட்கார்ந்து அஸ்தேரியா மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேலைய விட்டுப் போன்னு சொல்ல வந்தியா, மகளே?"

"கோபுரம் பாக்க வந்தேன் தோன்யா."

"கோபுரம் நல்லாத்தான் நிக்குது. விழுந்தது நான்தான்." எழுந்தாள். "வந்து உக்காரு. சாப்போ இருக்கு. சர்க்கரை இல்ல, பழமே இனிப்புத்தான்."

பழுத்த வாழையைக் கரைத்த அந்தப் பானத்தை இரண்டு குவளை குடித்துவிட்டு, செல்மீரா நிலையத்துக் கம்ப்யூட்டருக்கும் கோபுரத்துக்கும் நடுவே இருந்த பெட்டியில் தன் கம்பியைச் செருகினாள். மடிக்கணினியைத் திறந்தாள்.

"என்ன அது?" என்றாள் அஸ்தேரியா.

"டீஷார்க்னு பேரு. நீங்க அனுப்பறது எல்லாம் இது வழியாத் தெரியும்."

"ஷார்க்கா? சுறாவா? நம்ம ஆத்துல பிரானா போதாதுன்னு சுறாவையும் விட்டுட்டியா?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அஸ்தேரியா போன வாரப் பட்டியலையே மறுபடி அனுப்பினாள். ஒரு விரலால் பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சை டிக் வந்தது. "பாத்தியா? ஒவ்வொரு வாரமும் இந்தப் பச்சை வருது. வந்ததும் நான் சிலுவை போட்டுக்குவேன்." செல்மீராவின் கறுப்புத் திரையில் வரிகள் ஏறின. நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு. அலுவலகத்திலிருந்து நிலையத்துக்கு. முதலில் இரண்டு கம்ப்யூட்டரும் செய்துகொள்ளும் கை குலுக்கல், பதில் கை குலுக்கல், பிறகு பூட்டிய பாக்கெட்டுகள் வரிசையாக.

செல்மீரா கோபுரத்துக்குக் கீழே போய் போனில் டாக்டரோடு பேசினாள். குரல் விட்டு விட்டு வந்தது.

"அனுப்பறாங்க டாக்டர். உங்க கம்ப்யூட்டர் வாங்கிக்கவும் செய்யுது. என் கண்ணால பாத்தேன்."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"எப்படிப் பாக்கறது? பூட்டித்தானே போகும்."

"அப்போ வாசல் வரைக்கும் வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. கையில பட்டியல் இருந்துதா, வெத்துத்தாளான்னு உங்களுக்கும் தெரியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கோபம். திரும்பி வந்தாள். நிலையத்தின் தூண்களில் அவளுக்கு ஓர் ஊஞ்சல்வலை கட்டிக்கொடுத்தேன். அதில் படுத்துக்கொண்டு கூரை ஓலையைப் பார்த்தாள். வெளியே மழை. ஒரு கோழி உள்ளே வந்து மேஜைக்கடியில் நின்றது.

"தொறக்கலாம்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா பழசைத் தொறக்க முடியாது. ஒவ்வொரு தடவை அனுப்பறப்பவும் புதுசா ஒரு சாவி உண்டாகும். வேலை முடிஞ்சதும் அந்தச் சாவி அழிஞ்சுடும். இனிமே அனுப்பறதுக்கு மட்டும், 'சாவியை ஒரு கோப்புல எழுதி வை'ன்னு இந்தக் கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லலாம். அந்தக் கோப்பைச் சுறாவுக்குக் கொடுத்தா பாக்கெட்டைத் தொறந்துடும்."

"அப்போ தொற," என்றேன்.

"உள்ள இருக்கறது ஜனங்க பேரு, லிசார்தோ. அவங்க ரத்தத்துல என்ன இருக்குங்கற விஷயம். யாருக்கு என்ன நோய்னு எனக்கு எதுக்குத் தெரியணும்?"

அஸ்தேரியா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். "டாக்டர்கிட்டக் கேளு. எழுதி வாங்கு. நானும் எழுதித் தர்றேன். என் பேரு போனாப் போகட்டும். இந்த வாரம் இருபத்தாறு பேரு இருக்காங்க. அவங்களுக்கு மாத்திரை வரணும்."

டாக்டர் அனுமதிக் கடிதத்தை அனுப்பிவைத்தார். பார்த்ததை வெளியே சொல்வதில்லை, வேலை முடிந்ததும் பாக்கெட்டையும் சாவியையும் அழித்துவிடுவேன் என்று அதில் ஒரு வரி. செல்மீரா அந்த வரியை இரண்டு முறை உரக்க வாசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அஸ்தேரியா பன்னிரண்டாவது வாரப் பட்டியலை நிரப்பினாள். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே. இருபத்தாறு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பொத்தானை அழுத்தினாள். பச்சை டிக்.

செல்மீரா பிடித்து வைத்திருந்த பாக்கெட்டுகளைக் கோப்பில் சேமித்தாள். கட்டளையை மறுபடி தட்டி, சாவிக் கோப்பு இருக்கும் இடத்தையும் ஒரு வரியாகச் சேர்த்தாள். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு என்டரைத் தட்டினாள்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். சங்கடமாக இருந்ததால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளத்துக்குள் நின்ற பனைகளின் நிழல், தண்ணீரில் தலைகீழாக அசையாமல் நின்றது. எது மேல், எது கீழ் என்று கொஞ்ச நேரம் எனக்கே குழம்பிவிட்டது. பின்னால் விசைப்பலகையின் சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

"தோன்யா," என்றாள் செல்மீரா. "எல்லாம் இருக்கு. ஒரு பேருகூட விடல. நீங்க அனுப்பினது முழுசா போயிருக்கு."

அஸ்தேரியா முந்தானை மாதிரி தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு. அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பதில் சொல்லியிருக்கு. முதல் வரி, 'கிடைத்தது'. அதைப் பாத்துத்தான் உங்க படிவம் பச்சை காட்டுது. அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு. அதை இந்தப் படிவம் படிக்கவே இல்ல."

"என்னன்னு?"

"'இந்தப் பெயரில் நிலையம் இல்லை.'"

"நிலையம் இல்லையா? அப்போ நான் எங்க உக்காந்திருக்கேன்? தண்ணிக்கு மேலயா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள்.

எங்கள் மொழியில் 'ஞ' என்று ஒலிக்கும் எழுத்து, சாதாரண 'ந'வின் தலையில் ஒரு சின்ன அலை போட்டது. கான்யோ ஞெஹியா என்று எழுதினால் அந்த எழுத்து இரண்டு இடத்தில் வரும், 'ன்யோ'வில் ஒன்று, 'ஞெ'யில் ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஒவ்வோர் எழுத்தும் எண்தான். செல்மீரா பாக்கெட்டை எண்களாகப் பிரித்துப் பார்த்தாள். புதுப் படிவம் அந்த அலை எழுத்தை இரண்டு எண்களாக எழுதி அனுப்பியது. அலுவலகத்தின் பழைய ஊர்ப்பெயர்ப் பட்டியலிலோ அது ஒரே எண். இரண்டையும் ஒப்பிட்ட கம்ப்யூட்டருக்கு, அப்படி ஓர் ஊரே கிடையாது. பட்டியலை வாங்கி எங்கோ ஒதுக்கிவிட்டு, 'கிடைத்தது' என்று சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு வாரமாக.

 அப்போது செல்மீரா சட்டென்று மடிக்கணினியை மூடினாள். எழுந்து வெளியே போனாள். துறைப் பலகையில் மண்டியிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

களைப்பு இல்லை. எண்களைப் பிரித்துத் தேடும்போது, அவள் கண் ஒரு வரியில் நின்றுவிட்டது. ரிஸ்தெர் முராயாரி. இருபத்தொன்பது வயது. மேல் ஓடை முகாம். மலேரியா, கெட்ட வகை. இதை அவள் எனக்குச் சொன்னது ஐந்து வருடம் கழித்து. தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகு.

ஆறு வருடமாகத் தேடாமல் தேடிய ஆள், தன் கையாலேயே திறந்த பாக்கெட்டில் இருக்கிறான். நோயோடு. அரை நாள் துடுப்புப் போட்டால் போய்விடலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? பார்த்ததைச் சொல்வதில்லை என்று நேற்றுத்தானே உரக்க வாசித்தாள். அவள் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தாள். கோபுரத்தடிக்கு ஓடினாள்.

"டாக்டர், ஒதுக்கி வைக்கிற பெட்டி ஒண்ணு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். தொறந்து பாருங்க. இப்பவே. நான் காத்திருக்கேன்."

கால் மணி நேரம் ஆனது. பிறகு டாக்டரின் குரல் வந்தது. வேறு ஆளுடைய குரல்போல இருந்தது.

"இருக்கு. பன்னிரண்டும் இருக்கு. செல்மீரா... இது மட்டும் இல்ல. இன்னும் ரெண்டு ஊரு."

"அவங்க பேருலயும் அந்த எழுத்து இருக்கா?"

"இருக்கு."

"வரைபடத்துல அதுவும் வெள்ளையா?"

 "மாத்திரை இன்னிக்கே கிளம்பும்," என்றார்.

செல்மீரா உள்ளே வந்து, பாக்கெட்டுக் கோப்பையும் சாவிக் கோப்பையும் அழித்தாள். அஸ்தேரியாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவள் பார்க்க அழித்தாள். எந்தப் பெயரையும் பார்க்காததுபோல் முகத்தை வைத்திருந்தாள். அஸ்தேரியா முப்பது வருடமாக மனித முகங்களைப் பார்ப்பவள்.

"என்ன மகளே, ஏதாவது தெரிஞ்ச பேரா?"

"நான் ஒண்ணும் பாக்கல தோன்யா."

"நானும் ஒண்ணும் கேக்கல." மரவள்ளியை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தாள். "மாத்திரை வந்துட்டா வியாழக்கிழமை காலையில எல்லாரும் தோணியில வருவாங்க. மேல் ஓடைக்காரங்க எட்டு மணிக்கு. துறை யாருக்கும் சொந்தமில்ல. யாரு வேணா போய் நிக்கலாம்."

மருந்துப் படகு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவள் தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. ஊஞ்சல்வலையில் கிடந்தாள். மழை பெய்யும், நிற்கும், வெயில் வந்து தண்ணீரிலிருந்து ஆவி எழும், மறுபடி மழை. நேரம் போகிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத வெக்கை. ஒரு தடவை, "லிசார்தோ, கெட்ட வகை வந்தா எத்தனை நாள் தாங்குவாங்க?" என்று கேட்டாள். "தோன்யாவைக் கேளு," என்றேன். கேட்கவில்லை.

புதன்கிழமை படகு வந்தது. டாக்டர் ஒலாசாவலும் அதிலேயே வந்தார். வரச்சொன்னவள் செல்மீராதான். 'கடிதம் வேண்டாம், நீங்களே வந்து அவங்க முன்னாடி சொல்லணும்' என்றிருக்கிறாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. டாக்டர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"தோன்யா அஸ்தேரியா ஒரு வாரம்கூட விடல. எல்லாம் எங்ககிட்ட வந்துச்சு. நாங்கதான் பாக்கல. நான் அவங்களைப் பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு."

 தோணி செதுக்குபவரின் மனைவி முன் வரிசையில் இருந்தாள். அவள் எழுந்தாள்.

"என் புருஷனுக்கு இப்ப என்ன சொல்லுவீங்க?"

 "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். அவள் அவரைக் கடந்து நடந்து, அஸ்தேரியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.   பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

வியாழக்கிழமை காலை பனி. துறையிலிருந்து நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. துடுப்புச் சத்தம் முதலில் வரும், பிறகு தோணி, பிறகு முகங்கள். செல்மீரா துறைக் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். நான் எஞ்சினைத் துடைப்பதுபோல் பக்கத்திலேயே இருந்தேன்.

நாலாவது தோணியில் ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். நடுவில் போர்வை போர்த்திக்கொண்டு ஓர் ஆள். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. தோணி இடித்து நின்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தான்.

"காய்ச்சல் கண்ணுக்கு வந்துடுச்சு போல," என்றான் துடுப்புப் போட்ட பெண்ணிடம். "எங்க அக்கா மாதிரி ஒருத்தி நிக்கறா."

"மாதிரி இல்ல. நான்தான். எழுந்திரு."

"ஞாஞா?" அவன் சிரிக்கப் பார்த்தான்.  "யாரு சொன்னா நான் இங்க இருக்கேன்னு?"

"யாரும் சொல்லல. கோபுரம் பாக்க வந்தேன். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

"திருடனைப் பிடிக்க வந்தியோன்னு நினைச்சேன்."

செல்மீரா தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் கத்தினது நாலு பேரு முன்னாடி. இன்னிக்கும் நாலு பேரு நிக்கறாங்க. அதனால சொல்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"படகை வித்தது உண்மைதானே," என்றான் அவன் மெல்ல. "அப்பாவோட ஆஸ்பத்திரிக் கடன் இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லாதேன்னு அவருதான் சொன்னாரு. சொல்லியிருக்கணும். நானும் கோவக்காரன்."

செல்மீரா தண்ணீரில் அப்படியே நின்றாள். துடுப்புப் போட்ட பெண் அலுத்துப்போய்க் குரல் கொடுத்தாள்.

"உங்க சண்டையை மாத்திரை போட்டப்புறம் வெச்சுக்கங்க. இவனைத் தூக்கு, நாத்தனாரே. நான் ராத்திரியெல்லாம் துடுப்புப் போட்டு வந்திருக்கேன், கை கழண்டுடும்."

குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தோளாக அவனைத் தாங்கிப் படியேற்றினார்கள். அஸ்தேரியா வாசலில் குவளையோடு நின்றாள். பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள், வழக்கம்போல, முதல் தடவை கேட்பவள்போல. செல்மீராவின் பக்கம் திரும்பவே இல்லை.

ரிஸ்தெர் பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அவன் நகரத்துக்குத் திரும்பவில்லை. மரவெட்டுக் கூட்டத்தை விட்டுவிட்டு அந்த ஓடையிலேயே மரவள்ளியும் மீனுமாக இருக்கிறான். அடுத்த வெள்ளத்தில் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அம்மாவின் மிதவை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கினான். அவனை எங்கே பார்த்தாய் என்று அம்மா கேட்டதற்கு, "துறையில" என்று மட்டும் செல்மீரா சொன்னாள். அது பொய்யும் இல்லை.

அலுவலகத்தில் ஊர்ப்பெயர்ப் பட்டியலைத் திருத்தினார்கள். படிவம் இப்போது இரண்டாவது வரியையும் படிக்கிறது. மற்ற இரண்டு ஊர்களுக்கும் அதே வாரம் மாத்திரை போனது. அஸ்தேரியா இன்னும் கான்யோ ஞெஹியாவில்தான் இருக்கிறாள். ஓய்வு பெறச் சொன்னால், "சுறா வந்து சொல்லட்டும்," என்கிறாளாம்.

செல்மீராவுக்கு நாற்பது ஆகப்போகிறது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கோபுரம் ஏறுகிறாள். போன மாதம் மேல் ஆற்றில் ஒரு புதுக் கோபுரத்துக்குப் போனோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படகின் மூக்கில், கருவிப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். மழைத்தூறல் முகத்தில் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய நாள் இல்லை அது. எஞ்சினை நிறுத்தினேன். ஆறு எங்களை எந்தப் பக்கம் கொண்டுபோகிறதோ அந்தப் பக்கம், ஒரு வளைவு தாண்டும்வரை, படகைச் சும்மா மிதக்க விட்டேன்.